பேட்டர்ன் பிசகினால் போர்வை போச்சா?

ஊசி நூல் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குத் தையல் டீச்சர் பதில்

கேள்வி: டீச்சர் அவர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் என் மகளுக்கு வரும் தை மாதம் பிரசவம். பேரக்குழந்தைக்கு என் கையால் ஒரு நட்சத்திரக் குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். மகளே அங்கிருந்து ஒரு பேட்டர்ன் (வெட்டும் அளவும் செய்முறையும் உள்ள தாள்) வாங்கி அனுப்பினாள். 12 இஞ்ச் நட்சத்திரக் கட்டம் 13 தைத்து, அவற்றைச் சாய்வாக, வைரக்கல் நிற்பது போல நிறுத்திச் சேர்க்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து 7 கட்டம் தைத்தேன். அப்புறம் பேப்பர் மழையில் நனைந்துவிட்டது. வேறொரு கடையில் மறுபடி பிரிண்ட் எடுத்து மீதி 6 கட்டத்தை முடித்தேன். இப்போது அளந்தால் முதல் ஏழும் 12½ இஞ்ச், பின்னால் தைத்த ஆறும் 12⅛ இஞ்ச். ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கிறது. ஓரத்து முக்கோணங்களுக்கு வாங்கிய முக்கால் மீட்டர் துணியில் பேட்டர்ன் கேட்கும் இரண்டு பெரிய சதுரம் அடங்கவில்லை. இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் அதே கதைதான். ஐந்து மாதமாகப் பை பீரோ மேல் கிடக்கிறது. மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து தொடங்கட்டுமா?
– மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்

பதில்: பிரிக்காதீர்கள் அம்மா. இனி ஒரு தையலைக்கூடப் பிரிக்க வேண்டியதில்லை. நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த பேட்டர்ன் நகலை ஒரு நாள் முழுக்க வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் பிசகு இருக்கிறது. மூன்றில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பையைக் கீழே இறக்கலாம்.

முதல் பிசகு பேப்பரில். அமெரிக்காவில் பிரிண்டருக்குப் போடுவது நம் ஏ4 பேப்பர் இல்லை. லெட்டர் என்று ஒரு அளவு, 8½-க்கு 11 இஞ்ச். நம் ஏ4-ஐவிட அகலத்தில் 6 மில்லிமீட்டர் கூடுதல். அந்தப் பக்கத்தை ஏ4-க்குள் அடக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் 100-க்கு 97 என்று சுருக்கிக் கொடுத்துவிடும். முதல் கடைக்காரர் உள்ள அளவிலேயே எடுத்திருக்கிறார், இரண்டாவது கடைக்காரர் அடக்கி எடுத்திருக்கிறார். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

உங்கள் நட்சத்திரத்தின் மேல் வரிசையைப் பாருங்கள். வெட்டும் அளவு 3½, 6½, 3½. கூட்டினால் 13½. நடுவில் இரண்டு தையல் சேர்ந்து 1 இஞ்ச் சாப்பிட்டுவிடும், மிச்சம் 12½. அதுதான் சரியான அளவு, கட்டங்களைச் சேர்க்கும்போது ஓரத்து அரை இஞ்சும் தையலுக்குள் போய் 12 ஆகிவிடும். இப்போது அந்த 13½-ஐ 97 சதவீதமாக்குங்கள், 13⅛ வரும். தையலுக்கு 1 இஞ்ச் போனால் 12⅛. உங்கள் ஆறு கட்டமும் எவ்வளவு இருக்கிறது? அதே 12⅛! கைப்பிசகாக இருந்திருந்தால் ஒன்று 12 இருக்கும், ஒன்று 12¼ இருக்கும், ஒன்று கோணிக்கொண்டு நிற்கும். ஆறும் ஒரே அளவில் இருக்கிறது என்றால் நீங்கள் மிகச் சுத்தமாகத் தைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். முப்பது வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

(இனி யார் பேட்டர்ன் பிரிண்ட் எடுத்தாலும், அந்தப் பேப்பரில் பெரும்பாலும் ஒரு மூலையில் 1 இஞ்ச் சதுரம் ஒன்று வரைந்திருப்பார்கள். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் டேப் வைத்து அதை அளந்துவிடுங்கள். குறைந்தால், 100 சதவீதத்தில் மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.)

இரண்டாவது பிசகு பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில். பேட்டர்ன் எழுதுகிறவர்கள் துணி 42 முதல் 44 பன்னா இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நீங்கள் வாங்கிய கேம்பிரிக் 36 பன்னா. ஓர முக்கோணத்துக்குப் பேட்டர்ன் கேட்பது 18¼ இஞ்ச் சதுரம் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 36½. அரை இஞ்சில் தவறிப்போய்விட்டது.

மூன்றாவதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. பேட்டர்ன் போட்டவரின் கணக்கே தப்பு. ஓரத்துக்கு 18¼ இஞ்ச், மூலைக்கு 9⅜ இஞ்ச், கூட்டினால் 27⅝ இஞ்ச் நீளம் வேண்டும். அவர் போட்டிருப்பது முக்கால் கஜம். ஒரு கஜம் 36 இஞ்ச், முக்கால் கஜம் 27. அந்த ஊர்த் துணியையே வாங்கியிருந்தாலும் அரையே அரைக்கால் (⅝) இஞ்ச் குறைந்திருக்கும். காசு கொடுத்து வாங்கின பேட்டர்ன், அச்சில் வந்த எண், எப்படித் தப்பாக இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நானும் அப்படி நினைத்து ஒரு வருடத்தை விட்டவள்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் கொஞ்ச நாள் குடியிருந்த ஒரு பிரெஞ்சு அம்மா ஊருக்குத் திரும்பும்போது, பழைய பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். காற்றாடிக் கட்டம் ஒன்று, வெறும் சதுரம் ஒன்று, மாற்றி மாற்றி வைக்கிற போர்வை. என் அம்மா காலமான வருடம் அது. அவருடைய இரண்டு சுங்குடிப் புடவையை எடுத்து, பக்கத்தில் போட்டிருந்த எண்ணின்படியே 3½ இஞ்ச் சதுரங்களாக வெட்டி, குறுக்கே கத்தரித்து முக்கோணம் ஆக்கி, இருபது காற்றாடி தைத்தேன். கட்டம் 6½ வர வேண்டும். வந்தது 5¾. வெறும் சதுரங்களை முன்பே 6½-க்கு வெட்டி வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முக்கால் இஞ்ச் துருத்திக்கொண்டு நின்றது. என் தையல்தான் தடிப்பாகப் போய்விட்டது என்று பிரித்தேன். பாதி பிளேடைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாக எடுத்துப் பிரித்து, மெல்லிசாகப் பிடித்து மறுபடி தைத்தேன். கொஞ்சம்தான் வளர்ந்தது. மறுபடி பிரித்தேன். சுங்குடி எத்தனை தடவை தாங்கும்? தையல் போன தடமெல்லாம் சல்லடைக் கண் மாதிரி ஆகிவிட்டது. சுருட்டி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்ததே, உங்கள் கடலூருக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முருங்கை வேரோடு போய்விட்டது, கரண்ட் நாள் கணக்கில் இல்லை. வேலை ஓடாத ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். துணியைத் தொடவில்லை. என் பையனின் கணக்கு நோட்டில் தைத்து முடிந்த பிறகு இருக்க வேண்டிய 3 இஞ்ச் முக்கோணத்தை வரைந்தேன். மூன்று பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தையல் துணிக்குக் கோடு போட்டேன். சதுர மூலைப் பக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கூர்முனை இரண்டும் நான் நினைத்ததைவிட எவ்வளவோ வெளியே போய் நின்றது. அளந்தால் பக்கம் 3⅞. அதாவது சாய்வாக வெட்டுகிற துணிக்கு அரை இஞ்ச் கூட்டினால் போதாது, முக்காலே அரைக்கால் (⅞) கூட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் சதுரத்துக்கு உண்டான அரை இஞ்சையே முக்கோணத்துக்கும் போட்டு அச்சடித்துவிட்டார்கள்.

நோட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா புடவை அத்தனை நாள் என் கையில் பட்ட பாடு கண்ணில் நின்றது. வழி அப்புறம் தானாகத் தெரிந்தது. காற்றாடியை வளர்க்க முடியாது. வெறும் சதுரத்தைக் குறைக்கலாமே! எல்லாச் சதுரத்தையும் 5¾-க்குக் கத்தரித்தேன். கரண்ட் இல்லாவிட்டால் என்ன, மிதி மெஷின் ஓடும். இஸ்திரிக்குப் பக்கத்து வீட்டுக் கரிப்பெட்டி. நாலு நாளில் மேல்துணி, அதாவது போர்வையின் மேல் அடுக்கு, முடிந்துவிட்டது. நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் வந்தது, சுற்றிலும் ஒரு பட்டி வைத்தேன். இன்றைக்கும் என் கட்டிலில் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டங்களில் வளைந்து கொடுக்கிற வெறும் சதுரம் இல்லை. பெரிய கட்டத்தைச் சின்னதுக்குச் சமமாக வெட்டினால் நட்சத்திரத்தின் முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிடும். அதனால் வளைந்து கொடுக்கிற ஒன்றை நாம் சேர்க்கப்போகிறோம். பதின்மூன்று கட்டத்துக்கும் ஒரே துணியில் சட்டம் போடுங்கள், படத்துக்குப் பிரேம் போடுவது மாதிரி. 44 பன்னாவில் 1 மீட்டர் வாங்கி, 1½ இஞ்ச் பட்டியாக வெட்டுங்கள். முதலில் எதிரெதிர் இரண்டு பக்கம் தைத்து இஸ்திரி போட்டுவிட்டு, பிறகு மற்ற இரண்டு பக்கம். முடித்ததும் பெரிய கட்டம் 14½ இருக்கும், சின்னது 14⅛ இருக்கும். இரண்டையும் 14-க்குக் கத்தரித்துவிடுங்கள். பெரிய கட்டத்தைச் சுற்றிச் சட்டம் முக்கால் இஞ்ச் தெரியும், சின்னதைச் சுற்றி அதைவிட ஒன்றரை நூல் (3/16 இஞ்ச்) கூடுதலாகத் தெரியும். எது ஏழு, எது ஆறு என்று உங்கள் மகளால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

கத்தரிக்கும்போது ஒரு ஓரத்தில் மட்டும் எடுத்தால் நட்சத்திரம் நகர்ந்துவிடும். காலண்டர் அட்டையில் 14 இஞ்ச் சதுரம் வெட்டி, அதன் நடுவில் கூட்டல் குறி போடுங்கள். கூட்டல் குறி முடிகிற நான்கு இடத்திலும் ஓரத்தில் சின்ன வெட்டு கொடுங்கள். கட்டத்தின் மேல் அட்டையை வைத்து அந்த வெட்டுகளை நட்சத்திரத்தின் நடுவோடு பொருத்தி, சாக்பீஸில் சுற்றி வரைந்து வெட்டுங்கள்.

ஓர முக்கோணம்: பேட்டர்னில் உள்ள 18¼-ஐ மறந்துவிடுங்கள், அது வேறு கட்டத்துக்கான எண். உங்கள் கட்டம் தைத்த பிறகு 13½ இஞ்ச். அதை 1.414-ஆல் பெருக்கி 1¼ கூட்டினால் 20.34. நீங்கள் 20½ என்றே வெட்டுங்கள், கூடினால் கத்தரித்துக்கொள்ளலாம். இந்தச் சதுரத்தைக் குறுக்கும் மறுக்குமாக வெட்டினால் நான்கு முக்கோணம். எட்டு வேண்டும், ஆக இரண்டு சதுரம். மூலைக்கு 10½ சதுரம் இரண்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு குறுக்கு வெட்டு. உங்களிடம் உள்ள முக்கால் மீட்டரில் ஒரு பெரிய சதுரமும் இரண்டு மூலைச் சதுரமும் தாராளமாக வரும். இன்னொரு பெரிய சதுரத்துக்கு வேறு துணி 60 சென்டிமீட்டர் வாங்குங்கள். அதே ஷேடைத் தேடி அலையாதீர்கள். மேலும் கீழும் ஒரு நிறம், இரண்டு பக்கவாட்டிலும் ஒரு நிறம் என்று வைத்தால் வேண்டுமென்றே செய்த மாதிரி அழகாக இருக்கும்.

எதற்கு அவ்வளவு பெரிய சதுரம், சின்னச் சதுரத்தைப் பாதியாக வெட்டினாலும் அதே முக்கோணம் வருமே என்று தோன்றும். வரும். ஆனால் வெளி ஓரம் கிராஸ், அதாவது துணியின் சாய்வுப் பக்கம், ஆகிவிடும். என் அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டினவர். 1898-ல் தொடங்கி 2020-ல் மூடினார்களே, புதுச்சேரி ஏ.எஃப்.டி (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்), அதுதான். துணியைக் கையில் எடுத்தால் முதலில் பாவு (நீள நூல்) பக்கம் இழுப்பார், நகராது. ஊடை (குறுக்கு நூல்) பக்கம் இழுப்பார், லேசாகக் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுப்பார், ரப்பர் மாதிரி வரும். "இந்தப் பக்கத்தை ஓரத்தில் வைக்காதே, தொங்கிப்போகும்" என்பார். பெரிய சதுரத்தை நான்காக வெட்டும்போது நீளப்பக்கம் பாவோடோ ஊடையோடோ போகிறது, போர்வையின் வெளி ஓரம் தொங்காது.

சேர்க்கும்போது சாய்வு வரிசையாகச் சேருங்கள்: ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று. ஐந்து கட்ட வரிசையின் இரு முனையிலும் மூலை முக்கோணம், மற்ற வரிசைகளின் முனையில் ஓர முக்கோணம். மீதி இரண்டு மூலை கடைசியில். எங்காவது ஒரு கட்டம் மாகாணி (1/16 இஞ்ச்), அரைக்கால் (⅛ இஞ்ச்) நீண்டிருந்தால் அந்தத் துணியை அடியில் விட்டுத் தையுங்கள். மெஷின் பல் அடித்துணியைத்தான் சீக்கிரம் உள்ளே இழுக்கும், நீளம் தானாக அடங்கிவிடும். சட்டைக்குக் கை ஏற்றும்போது நாம் செய்வதுதானே இது.

முடிந்தால் மேல்துணி 57 இஞ்ச் சதுரம் வரும். பேட்டர்ன் சொன்னது 51. குழந்தை ஆறு இஞ்ச் கூடுதலாக வளர்ந்து போர்த்திக்கொள்ளட்டும். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது மாமியார் காலத்து மிதி மெஷின். எந்தப் பேட்டர்னைப் பார்த்தாலும் கால் இஞ்ச் தையல் என்று போட்டிருக்கிறது. நானும் துணியை அழுத்திப் பிடிக்கும் புட்டின் ஓரத்தை வைத்துத்தான் தைக்கிறேன். ஆனால் எட்டுத் துண்டு சேர்த்த வரிசை ஒரு இஞ்ச் வரை குறைகிறது. மெஷினை மாற்ற வேண்டுமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: மெஷினை மாற்ற வேண்டாம். அந்த புட் கால் இஞ்சுக்காகச் செய்தது இல்லை. ஊசியிலிருந்து புட் ஓரம் வரை ஒவ்வொரு மெஷினில் ஒவ்வொரு அளவு இருக்கும். ஒரு தையல் மாகாணி, அதாவது 1/16 இஞ்ச், தடித்தால் போதும். தையலின் இரண்டு பக்கத் துணியிலும் அது குறையும், ஆக தையலுக்கு அரைக்கால். எட்டுத் துண்டுக்கு ஏழு தையல், மொத்தம் முக்காலே அரைக்கால். நீங்கள் சொல்கிற ஒரு இஞ்ச் கிட்டத்தட்ட அதுதான்.

சரிபார்க்க ஒரு வழி. 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டிச் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்டுவிட்டு நடுப்பட்டியை அளந்தால் சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் தடிப்பு, கூடினால் மெலிவு.

சரிசெய்ய, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிராஃப் பேப்பர் ஒரு தாள் எடுங்கள். சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். பேப்பரின் வலது ஓரத்தை ஒரு கோட்டில் சீராக வெட்டி, அங்கிருந்து ஆறு கட்டம் எண்ணி வரும் கோட்டில் ஊசியைக் கையால் சக்கரம் சுற்றி இறக்குங்கள். அந்தக் கோடு நேராகப் பின்னால் போகிறதா என்று பார்த்துக்கொண்டு, பேப்பரின் வலது ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் நாலைந்து அடுக்கு பிளாஸ்டர் ஒட்டுங்கள். துணி அந்தத் திண்டில் உரசிக்கொண்டே போகட்டும். கால் இஞ்ச் என்பது 6.35 மில்லிமீட்டர், நான் 6 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துணியைத் திருப்பி இஸ்திரி போடும்போது மடிப்புக்குள் கொஞ்சம் போய்விடும். ஒட்டின பிறகு மூன்று பட்டிச் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள், பட்டி சொல்வதுதான் முடிவு. பாபின் மாற்ற பிளேட்டை நகர்த்துகிற மெஷினாக இருந்தால் அந்த பிளேட்டின் மேல் ஒட்டாதீர்கள்.

இன்னொன்று. இஸ்திரியை இழுத்துத் தேய்க்காதீர்கள். வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். வேட்டிக்குப் போடுவது போல இழுத்தால் முக்கோணங்கள் எல்லாம் வாழை இலை மாதிரி நீண்டுவிடும்.

கேள்வி: கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. சுற்றி பார்டர் பட்டி வைத்ததும் ஓரம் அலை அலையாக நிற்கிறது. பேட்டர்னில் உள்ள நீளத்துக்கே பட்டியை வெட்டினேன்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பேட்டர்னில் உள்ள நீளம் பேட்டர்ன் எழுதியவரின் போர்வைக்கு. உங்கள் மேல்துணியைத் தரையில் விரித்து, ஓரத்தில் இல்லாமல் நடுவில், ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் வரை நேராக அளந்து பாருங்கள். ஓரம் கைபட்டுக் கைபட்டு நீண்டிருக்கும், நடு நீளாது. மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து வித்தியாசம் சின்னதாக இருந்தால் நடு அளவுக்கே இரண்டு பட்டியையும் வெட்டுங்கள். பட்டியையும் போர்வை ஓரத்தையும் நாலாக மடித்துக் குறி வைத்து, குறியோடு குறி பின் குத்தி, நீண்ட பக்கம் அடியில் இருக்கும்படி தையுங்கள். நீளப் பட்டியைப் பிடித்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிச்சத்தைக் கத்தரிக்கிற பழக்கம்தான் அலைக்குக் காரணம்.

இதற்கு மட்டும் பிரிக்கத்தான் வேண்டும். நான்கு நேர்த்தையல்தான், ஒரு சாயங்காலத்து வேலை. ஓரம் ஏற்கெனவே மிகவும் இழுபட்டிருந்தால், பட்டி வைப்பதற்கு முன் சோற்றுக் கஞ்சியை வடிகட்டி நீர்க்கக் கரைத்து ஓரத்தில் மட்டும் தெளித்து, காயவிட்டு அழுத்துங்கள். துணி பேப்பர் மாதிரி நிற்கும். ஆனால் போர்வை முடிந்ததும் கட்டாயம் அலசிவிடுங்கள், நம் ஊர் ஈரத்துக்குக் கஞ்சித் துணியைப் பூச்சி தேடி வரும்.

கேள்வி: டீச்சர், நான் கல்லூரி மாணவன். பாட்டி போன மாசியில் தவறிவிட்டார். அவருடைய ஏழு புடவை இருக்கிறது, அதில் ஒரு போர்வை செய்து தாத்தாவுக்குக் கொடுக்க ஆசை. தைக்கத் தெரியும், ஆனால் இந்த அளவு, பேட்டர்ன் எல்லாம் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அளவே இல்லாமல் செய்ய முடியாதா? நடுவில் பஞ்சு ஷீட் வைக்க வேண்டுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முடியும் தம்பி. பாட்டி புடவைக்கு அதுதான் பொருத்தமும்கூட. என் அம்மா புடவையை நான் அளவுக்காக எத்தனை தடவை பிரித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம்.

வட கர்நாடகத்தில் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் கவண்டி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவர்களின் வழி அவர்கள். பேட்டர்ன் கிடையாது. அடியில் ஒரு புடவையை விரித்துக்கொண்டு, வெளி ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து தொடங்குவார்கள். பழந்துணித் துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, பெரிய ஓட்டுத் தையல். அதை ஒட்டி, கொஞ்சம் மேலே ஏறும்படி அடுத்த துண்டு. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். துண்டு ஒட்டுவதும், அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது. அதனால் எந்த அளவும் எதனோடும் பொருந்த வேண்டியதில்லை. நம் பக்கத்தில் தேருக்குத் தொங்கவிடுகிற தொம்பையிலும் துணி மேல் துணி வைத்துத் தைப்பார்கள், ஆனால் அது உரு வெட்டிச் செய்கிற வேலை. கவண்டிக்கு உருவும் வேண்டாம்.

ஏழு புடவையையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஊற வையுங்கள். சாயம் விடுகிறதைத் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். பட்டு இருந்தால் அதைத் தனியே எடுத்து மடித்து வைத்துவிடுங்கள், பருத்தி மட்டும் போதும். இருப்பதில் அதிகம் நைந்து போன புடவையை மடித்து நடு அடுக்காக வையுங்கள். பஞ்சு ஷீட் நம் சூட்டுக்கு வேண்டாம், ஐப்பசி மழையில் துவைத்தால் காயவும் காயாது. நடு அடுக்குப் புடவையைவிடக் கெட்டியான ஒன்று அடியில். மற்றவை துண்டுகளுக்கு. தாத்தா மடியில் போட்டு உட்காரும் அளவு என்றால் 45-க்கு 60 இஞ்ச் போதும். தையல் ஒரு அரிசி நீளத்திலிருந்து இரண்டு அரிசி நீளம் வரை இருக்கலாம், வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி. புடவையில் பாட்டி கை துடைத்த மஞ்சள் கறை இருந்தால் வெட்டி எறியாதீர்கள், நடுவுக்கு வருகிற மாதிரி வையுங்கள்.

கவண்டியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு பூ வைப்பார்கள். அது இல்லாமல் போர்வை முடிந்ததாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பாட்டிக்கு மிகவும் பிடித்த புடவையின் முந்தானையிலிருந்து அந்த நான்கு துண்டையும் முதல் நாளே வெட்டித் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள். நடுவை எட்டும்போது நல்ல துணி எதுவும் மிஞ்சியிருக்காது.